மெல்லிசை மேடையில் பேஸ் கிட்டார்

புதுச்சேரி–கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் கடந்தால் தவளக்குப்பம் வருகிறது. ஆடி மாதத்தில் இந்தப் பகுதி முழுவதும் அம்மன் கோயில் திருவிழாக்கள் நடக்கும். அருகிலுள்ள வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர்த்திருவிழா அவற்றுள் பெரியது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஆளுநரே வடம் பிடித்துத் தொடங்கிவைத்த விழா அது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் திருவிழா இரவு என்றால் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி வைப்பது பல பத்தாண்டு வழக்கம்.

அந்த மேடையில் பாடகர்கள் முன்னால் நிற்பார்கள். கீபோர்டு, தபலா, டிரம்ஸ் ஆகியவற்றுக்கு அவரவர் இடம் உண்டு. ஓரத்தில், பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், நான்கு தடித்த தந்திகள் பூட்டிய கிட்டாருடன் ஒருவர் நிற்பார். பார்வையாளர்கள் அவரைக் கவனிப்பதில்லை. அவர் கையை எடுத்துவிட்டால் மட்டும் பாட்டின் அடியில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது தெரியும். இவர்களில் பலர் முழுநேரக் கலைஞர்கள் அல்லர். பகலில் வேறு வேலை, மாலையில் ஒத்திகை, சனி ஞாயிறுகளில் கச்சேரி என்று வாழ்ந்தவர்கள். தமிழ் மெல்லிசை மேடைக்குத் தாமதமாக வந்து, சில பத்தாண்டுகள் செழித்து, எல்லாருக்கும் முன்பாக வெளியேறிய கருவி இவர்களுடையது.

கருவியின் பிறப்பு

பேஸ் கிட்டாருக்கு முன்பு அதன் வேலையைச் செய்தது டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் இனக் கருவி. ஆள் உயரம் இருக்கும். நின்றுகொண்டோ உயரமான இருக்கையில் அமர்ந்தோ வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1936 வாக்கில் மின்சாரத்தில் இயங்கும், கிட்டார் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கும் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’தான் உலகெங்கும் சென்றது. டபுள் பேஸில் மெட்டுகள் கிடையாது, விரல் சற்று விலகினாலும் சுருதி விலகும். ஃபெண்டர் தம் கருவியில் கிட்டார் போல மெட்டுகள் பதித்தார். பெயரிலுள்ள ‘துல்லியம்’ என்ற பொருள் அதைத்தான் குறிக்கிறது.

நான்கு தந்திகள், சாதாரண கிட்டாரின் கீழ்ச்சுருதித் தந்திகள் நான்கை ஒரு ஸ்தாயி இறக்கியது போன்ற சுருதி. மிகத் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல் எளிதில் விளங்கும்.

மேடைக்கு வந்த வழி

1950களிலும் 60களிலும் சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் கீழ்ச்சுருதிக்கு டபுள் பேஸ் இருந்தது. வெளியூர் மேடைக்கு அதை யாரும் தூக்கிச் செல்ல முடியாது. அதனால் அக்காலக் குழுக்கள் பல பேஸ் இல்லாமலேயே ஆர்மோனியம், அக்கார்டியன், தபலா, பாங்கோஸ் ஆகியவற்றை வைத்து ஒப்பேற்றின. தபலாவின் இடக்கைப் பகுதியான டக்காவே அன்றைய மேடையின் அடிநாதம் என்று சொல்லலாம்.

மெல்லிசைக் குழுக்களை அரைகுறைக் கலைஞர்களின் கூட்டம் என்று ஒதுக்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எஸ். பி. பாலசுப்பிரமணியம் திரையில் புகழ்பெறுவதற்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தினார். அதில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் ஆகிய சகோதரர்கள் வாசித்தார்கள். 1970களில் ஏ. வி. ரமணனின் மியூசியானோ போன்ற குழுக்கள் சென்னையில் பெயர் பெற்றன. பிறகு லஷ்மன் ஸ்ருதி போன்றவை வந்தன. இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பொப்பிசையும், குறிப்பாக ஏ. ஈ. மனோகரனின் மேடைகளும், கிட்டார் வைத்த குழு என்ற வடிவத்தைத் தமிழ் இளைஞர்களுக்குப் பழக்கப்படுத்தின. ஆங்கிலப் பாடல்களை வாசித்த கல்லூரிக் குழுக்கள் தனி உலகம். அவற்றுக்கும் திருவிழா மேடைக்கும் கொடுக்கல் வாங்கல் குறைவு.

1976க்குப் பிறகு

‘அன்னக்கிளி’ (1976) மூலம் இசையமைப்பாளரான இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். கிட்டார் கலைஞராகப் பிறரது ஒலிப்பதிவுகளில் பணியாற்றியவர். அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டாரின் வேலை மாறியது.

இது ஏன் பெரிய மாற்றம் என்பதற்குச் சிறு விளக்கம் தேவை. கர்நாடக இசையில் தம்புரா தரும் ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுவதும் மாறாது. நம் காது அந்த நிலைத்த தரையின் மீதுதான் ராகத்தைக் கேட்டுப் பழகியது. மேற்கத்திய ஒத்திசையில் தரையே நகர்கிறது: பாடகர் அதே ஸ்வரத்தில் நின்றாலும், அடியில் பேஸ் ‘சி’யிலிருந்து ‘ஏ’வுக்கு இறங்கினால் அந்த ஸ்வரத்தின் நிறம் மாறிவிடும். சாதாரணமாக பேஸ் கலைஞர் ஒவ்வொரு கார்டின் முதல் ஸ்வரத்தையும் ஐந்தாம் ஸ்வரத்தையும் தாளத்தோடு தட்டிக்கொண்டிருப்பார். இளையராஜா அதற்குப் பதிலாக, பாட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு நடந்து செல்வது போல பேஸ் வரிகளை எழுதினார். ஐரோப்பியச் செவ்விசையில், குறிப்பாக பாக் காலத்து இசையில், இந்த முறை வேரூன்றியது. 1986இல் வெளியான ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் இளையராஜா காணிக்கையாக்கியது தற்செயல் அல்ல.

இந்த வரிகளில் பலவற்றை ஒலிப்பதிவில் வாசித்தவர், அவர் குழுவில் நெடுங்காலம் இருந்த சசிதரன். ஒரு மேடைப் பாடகனைக் கதாநாயகனாகக் கொண்ட ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் பாடல்கள் மெல்லிசைக் குழுக்களுக்கு ஏறக்குறையப் பாடத்திட்டம் போல ஆயின. பேஸ் இல்லாமல் அவற்றை வாசித்தால் கேட்பவர்கள் காரணம் சொல்லத் தெரியாமலேயே முகம் சுளித்தார்கள். குழு நடத்துபவர்கள் பேஸ் கிட்டார் கலைஞரைத் தேடத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். அன்று வெளியான இசைத்தட்டு உறைகளிலும் கேசட் அட்டைகளிலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. தவளக்குப்பத்திலோ விழுப்புரத்திலோ அந்த வரியைப் பயின்ற இளைஞன், யாரைப் பின்பற்றுகிறோம் என்றே அறியாமல் பின்பற்றினான்.

காதால் கற்றவர்கள்

ஆசிரியர் கிடைப்பது அரிது. சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற நிறுவனத்தில் முறையாகப் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதும் வாய்ப்பு சிற்றூர்க்காரர்களுக்கு எட்டாதது. பாடலைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். ஆனால் கேட்பதே கடினம். டிரான்சிஸ்டர் வானொலியின் கையகல ஸ்பீக்கர், விநாடிக்கு 150 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலியைச் சரியாகத் தருவதில்லை. 41இல் தொடங்கும் கருவியின் பாதி அங்கேயே காணாமல் போகும். மேல் அதிர்வுகளை வைத்துக் காது ஒருவாறு ஊகித்துக்கொள்ளும். தேநீர்க் கடைகளிலும் தனியார் பேருந்துகளிலும் பெரிய வூஃபர் பெட்டிகள் வந்தபோதுதான் பலர் பேஸ் வரியை முதன்முதலில் முழுதாகக் கேட்டார்கள். பேருந்துப் பாட்டைத் தொல்லை என்று திட்டுபவர்கள் உண்டு. ஒரு தலைமுறை பேஸ் கலைஞர்களுக்கு அது பள்ளிக்கூடம்.

கேசட் பதிவுக் கடையில் பட்டியல் கொடுத்து, 60 நிமிட கேசட்டில் வேண்டிய பாடல்களைப் பதிந்து வாங்கி, நான்கு விநாடிப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பார்கள். அதிலும் ஒரு தொல்லை. டேப் ரெக்கார்டரின் மோட்டார் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் பாட்டின் சுருதி மாறும். ஒவ்வொரு முறையும் தந்திகளை அதற்கேற்ப முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத வீட்டில் பேஸ் கிட்டாரின் ஒலி அறையைத் தாண்டாது. கருவியின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டால் எலும்பு வழியாக ஒலி காதுக்கு வரும். உலகெங்கும் பேஸ் பழகியவர்கள் கண்டுபிடித்த வழி இது.

1991க்கு முன் வெளிநாட்டுக் கருவிகளுக்கு இறக்குமதி வரி அதிகம். கொல்கத்தாவின் கிவ்சன், ஹாப்னர் கிட்டார்கள் கைக்கு எட்டின. கிப்சன், ஹாஃப்னர் என்ற புகழ்பெற்ற பெயர்களை ஓர் எழுத்து மாற்றி ஒட்டிக்கொண்ட இந்த வணிகப் பெயர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆயினும் பல இந்திய கிட்டார் கலைஞர்களின் முதல் கருவி அவைதான். பேஸ் தந்தி விலை அதிகம் என்பதால், ஒலி மங்கிய பழைய தந்தியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு அழுக்கும் எண்ணெயும் நீக்கி மீண்டும் பூட்டுவார்கள். சில கச்சேரிகளுக்குத் தாங்கும்.

மேடையில் இன்னொரு சோதனை காத்திருந்தது. பாடகர் சுருதியைக் ‘கட்டை’ கணக்கில் சொல்வார். ஒரு கட்டை என்றால் ‘சி’, இரண்டு கட்டை ‘டி’, ஐந்தரைக் கட்டை என்றால் ‘ஜி ஷார்ப்’. அன்று பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கள் என்றால், திறந்த தந்தியை நம்பி வரியைப் பழகியவர் மாட்டிக்கொள்வார். தந்தியை எங்கும் திறந்து வாசிக்காமல் எல்லா ஸ்வரத்தையும் விரல் வைத்தே பழகியவர் கையை ஒரு மெட்டு தள்ளி வைத்தால் போதும். இந்த ஒழுங்கை எந்தப் புத்தகமும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் தாண்டி வாசித்தாலும் ஒலி போய்ச் சேர்ந்ததா? தெருமுனையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் பேச்சைத் தெளிவாகக் கடத்தச் செய்யப்பட்டவை, கீழ்ச்சுருதியை அவை எழுப்புவதில்லை. மேடைக்கு எதிரே இருபது முப்பது வரிசைக்கு மட்டுமே பேஸ் கேட்டது. அதற்கு அப்பால் நின்றவர்களுக்கு அவர் சும்மா கையசைத்துக்கொண்டிருக்கும் ஆள்.

முதலில் குறைக்கப்பட்ட ஆள்

1983இல் மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘மிடி’ முறை வந்தது. அதே ஆண்டில் யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு, 1985இல் ரோலண்டின் ஆக்டபேட். இவை தமிழ் மேடைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்த பிறகு கணக்கு எளிது. விழாக் குழு ஒரு மொத்தத் தொகை தரும், அதைத் தலைக்கு இத்தனை என்று பிரிப்பார்கள். கீபோர்டு கலைஞரின் இடக்கை பேஸ் வாசிக்கும் என்றால் ஒரு தலை குறையும். வேனில் ஓர் இடமும் மிச்சம். ‘ரோஜா’வுக்கு (1992) பிறகு திரையிசையிலேயே கணினியில் கோத்த பேஸ் ஒலி பெருகியது. ஏ. ஆர். ரகுமானுக்காகப் பல பாடல்களிலும் மேடைகளிலும் வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்கள் தனி அடையாளத்தோடு நிலைத்தார்கள். ஊர்க் குழுவின் பகுதிநேரக் கலைஞருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறகு கரோக்கி இசைத்தடம் வந்தபோது பாடகர் தவிர மற்ற எல்லாருமே தேவையற்றவர்கள் ஆனார்கள். பேஸ் கலைஞர் சற்று முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்.

என் கருத்தில், இழப்பு வருமானத்தைவிட நுட்பம் சார்ந்தது. கீபோர்டின் இடக்கை ஸ்வரத்தைத் தரும். விரல் தந்தியில் வழுக்குவதையும், டிரம்ஸின் காலடியோடு சேர்ந்து ஒரு மயிரிழை தாமதிப்பதையும் அது தருவதில்லை. காதால் பயின்றவர்கள் இவற்றை எழுதி வைக்கவும் இல்லை.

ஜூன் 21

பிரான்சில் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் காலத்தில், இசைத்துறை இயக்குநர் மோரிஸ் ஃப்ளூரே ஓர் ஆய்விலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டார்: நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் ஏதோ ஒரு கருவி வாசிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு மேடை இல்லை. 1982 ஜூன் 21 அன்று, யார் வேண்டுமானாலும் தெருவில் வந்து வாசிக்கலாம் என்ற விழா தொடங்கியது. கட்டணம் இல்லை. புதுச்சேரியில் 1889இல் நிறுவப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸ் இந்த உலக இசை நாளைக் கொண்டாடுகிறது. உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கின்றன. தலைக்கு இத்தனை என்ற கணக்கு இல்லாத மேடையில் பேஸ் கிட்டாருக்கு இடம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு மாற்றமும் பிரான்சிலிருந்தே வந்தது. 2019இல் டீசர் என்ற இசைச்சேவை நிறுவனம், ஒரு பாடலிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் ‘ஸ்ப்ளீட்டர்’ மென்பொருளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதைப் போன்ற செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே உள்ளன. 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை அதில் போட்டு மற்றவற்றை அணைத்துவிட்டால், காதொலிப்பானில் சசிதரனின் நான்கு தந்திகள் மட்டும் ஒலிக்கின்றன.