மனு யார் கைக்குப் போகிறது?

ஒரு நிர்வாகத்துக்குள் செய்தி ஏன் சிதைகிறது என்று கேட்டால் மொழி, தூரம், படிநிலை என்று வழக்கமான காரணங்களைச் சொல்வார்கள். மதுரைச் சீமையின் பழைய ஆவணங்கள் காட்டுவது வேறு. மேலிருந்து கீழே ஆணை போய்ச் சேர்வதில் இங்கே பெரிய தடை இருந்ததில்லை. ‘மாடக்குளக்கீழ் மதுரை’ அரண்மனையில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலையில் எழுதி, அதிகாரிகள் வரிசையாகக் கையெழுத்திட்டு, ஊர் வரை அனுப்பிக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளின் இறுதியில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று அடுத்தடுத்து வரும் வரிகள் அதற்குச் சாட்சி. கீழே இருப்பவனின் குறை மேலே போவதில்தான் சிக்கல். அது வழியில் தொலைந்துவிடுவதில்லை. யார்மேல் குறை சொல்லப்பட்டதோ அவர் கையிலேயே விசாரணைக்காகத் திரும்பி வந்து சேர்கிறது. மற்ற தடைகளைவிட இதுவே மூலமான தடை என்பது என் கருத்து.

எட்டாம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேட்டை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் கூடல் நகரான மதுரையில் ஒருவர் அரசனைப் பார்த்துக் கூவி முறையிடுகிறார். பாகனூர்க் கூற்றத்து வேள்விக்குடியை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோருக்குத் தந்தான், களப்பிரர் அதைப் பறித்துக்கொண்டார்கள், மீட்டுத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அரசன் உடனே தந்துவிடவில்லை. வழக்கைத் தன் அதிகாரி ஒருவரிடம் தள்ளியும் விடவில்லை. நாட்டாரை, அதாவது அந்தப் பகுதியின் பெரியவர்களைக் கொண்டு உன் பழைய உரிமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான். அவ்வாறே காட்டியபின் ஊர் திரும்பக் கிடைக்கிறது. முறையிட்டவரும் முடிவெடுப்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று இங்கே சாட்சியாக வந்து நிற்கிறது. (இதே மதுரையில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்தது நேர் எதிர். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே தகவல் சொன்னவன். வேறு யாரையும் அரசன் கேட்கவில்லை.)

முறையிட்டவர் பிரமதேய உரிமை, அதாவது பிராமணருக்குத் தந்த நிலத்தின் உரிமை கோரியவர், அவர் குரல் அரண்மனைக்கு எட்டியதில் என்ன வியப்பு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நிலத்தை அப்போது உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது செப்பேட்டில் இல்லை, நாட்டாரும் நிலவுடைமைக்காரர்களே. ஆகவே இதைப் பொற்காலச் சான்றாக நான் காட்டவில்லை. குறையை அதில் தொடர்பில்லாத கைக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்த நிர்வாகத்துக்கு இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று.

கம்பெனி ஆட்சியில் அந்த எண்ணமே காணாமல் போயிற்று. மதுரைக்கு 1790இல் கலெக்டர் வந்தார். 1816ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் கலெக்டரிடமும், அவருக்குக் கீழே தாசில்தாரிடமும் ஒன்றாகக் குவிந்தன. வரி பாக்கிக்காகக் குடியானவனைக் கிட்டி போட்டு நெரிப்பதும், அண்ணாந்தாள் கட்டி வெயிலில் நிறுத்துவதும் சென்னை மாகாணத்தில் பரவியிருந்தன. இதைப் பற்றி 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரும் அடங்கிய குழு விசாரித்து 1855இல் அறிக்கை தந்தது. அவர்களிடம் வந்த புகார்கள் 1,959. இத்தனை கொடுமையும் அதுவரை ஏன் மேலே தெரியவில்லை என்பதற்கு அறிக்கை சொல்லும் காரணங்களில் தூரம் உண்டு, செலவு உண்டு. என்னை நின்று யோசிக்க வைப்பது இன்னொன்று. கலெக்டருக்கு மனு எழுதினால், தாசில்தாரிடம் போகவும் என்ற வழக்கமான மேற்குறிப்போடு அது திரும்பிவிடும் என்ற அச்சம் மக்களுக்கு இருந்தது. அடித்தவர்களுக்கு மேலாளாக இருந்தவரும் அந்தத் தாசில்தாரேதான்.

வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாததுதானே பிரச்சினை என்று இன்னொரு மறுப்பு வரலாம். இந்த மொழிகளைக் கற்றுத் தரவே 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் எல்லீஸ் போன்ற பெரும் தமிழறிஞர் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகள் அங்கே படித்து வெளிவந்தபின்தான் இந்த அறிக்கை வருகிறது. மொழி கற்ற அதிகாரியின் மேசைக்கும் ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதித் தாசில்தார் சரிபார்த்த கணக்கே வந்தது. ஜமாபந்தியில் அவர் ஊர் ஊராகக் கேட்டாலும், கேட்பவருக்குப் பக்கத்திலேயே தாசில்தார் நின்றிருக்கும்போது எந்தக் குடியானவன் வாய் திறப்பான்? விளைவைப் பாருங்கள்: 1859இல் போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் வேலை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போது அவிழ்க்கப்பட்டது மொழி முடிச்சு அல்ல, அதிகார முடிச்சு.

அந்த முடிச்சில் பாதி இன்னும் இருக்கிறது. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மதுரைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மக்கள் மனுவோடு வருகிறார்கள். கலெக்டரே நேரில் வாங்குவது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பட்டா குறித்த மனு அங்கிருந்து அன்றைய தாசில்தாரின் இடத்தில் இருக்கும் வட்டாட்சியருக்கும், அவர் வழியாக அறிக்கை கேட்டு அதே கிராம நிர்வாக அலுவலருக்கும் போகிறது. ஊர் நிலத்தை அறிந்தவர் அவர்தான், வேறு யாரைக் கேட்பது என்பார்கள். நில விவரத்துக்கு அவரைக் கேட்கட்டும். அவர் மேலேயே புகார் என்றால் பக்கத்து வட்டத்து அலுவலர் ஒருவர் வந்து ஊரில் விசாரித்து எழுதட்டும்.