திருவொற்றியூர் புல்லட்டும் இஷாப்பூர் ரைஃபிளும்

திருவொற்றியூரில் 1955இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை வடசென்னை மோட்டார் சைக்கிளோடு மட்டுமே சேர்த்துப் பேசும். ஆனால் அந்தப் பெயர் துப்பாக்கியிலிருந்து வந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் 1816 முதல் இயங்கிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுத்த ரெட்டிச் நகரத்து சைக்கிள்காரர்கள், 1890களில் அந்த ஊரின் பெயரையே தங்கள் சரக்குக்குச் சூட்டிக்கொண்டார்கள். முத்திரையில் பீரங்கியையும் வைத்தார்கள். இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எனக்கோ இதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. என்ஃபீல்டு வழியில் வந்த ஒரு மோட்டார் சைக்கிளும், என்ஃபீல்டு இயக்கத்துத் துப்பாக்கியில் பொருந்திய ஒரு ரைஃபிள் தோட்டாவும் தத்தம் பிறந்த நாட்டில் கைவிடப்பட்ட பிறகு இந்தியாவில் பிழைத்துக்கொண்டன. மதராஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய, அவற்றைவிட உயர்ந்த வேட்டை ரைஃபிள்களோ இரும்பில் ஒரு துளி துருவும் ஏறாமலேயே ஊமையாகிப் போயின. தரமும் விலையும் இதைத் தீர்மானிக்கவில்லை. உள்ளே போடும் சரக்கு இங்கே செய்யப்பட்டதா, செய்ய அனுமதி இருந்ததா என்பதுதான் தீர்மானித்தது.

இந்தியாவில் துப்பாக்கியின் வரலாறு என்பது பெரும்பாலும் தோட்டாவின் வரலாறு. என்ஃபீல்டு என்ற பெயரை நாடு முழுக்க முதலில் பரப்பியதே 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா குறித்து எழுந்த கலவரம். அதன் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று, உள்வரி எடுக்கப்பட்ட வழவழப்பான குழலோடு தனியாகத் துப்பாக்கி செய்து கொடுத்தது ஆங்கில அரசு. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்துப் படைக்கலச் சட்டம் லைசென்ஸைக் கொண்டுவந்தது. ஆனால் அதைவிடத் தந்திரமான கட்டுப்பாடு அளவில் வந்தது. படை பயன்படுத்திய .303 தோட்டா தனியார் கையில் இருக்கக் கூடாது. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் அளவான .450உம் 1907வாக்கில் தடைக்குள் வந்தது. களவு போன தோட்டா கலகக்காரனின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் இதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. யானை, காட்டெருமை வேட்டைக்குப் பேர்போன .450ஐ ஒதுக்கிவிட்டு, .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் புது அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்று உலக ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகும் இந்த அளவுகளுக்கு வழிவிட்டது இந்தியாவில் போட்ட ஓர் உத்தரவு. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் சரக்குப் பட்டியலும் இந்த வேலிக்குள்தான் நிறைந்தது.

அதே வேலிதான் .315ஐயும் உள்ளே கொண்டுவந்தது. இது ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையின் 8 மி.மீ. மன்லிகர் தோட்டா. பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி எதிலும் பொருந்தாது. இந்தியச் சந்தையில் அதற்கு இருந்த ஒரே பெரிய தகுதியும் அதுவே. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி லீ-என்ஃபீல்டு இயக்கத்தில் .315 குழலைப் பொருத்தி இங்கே விற்றது. ஆஸ்திரியாவோ 1930களில் வேறு தோட்டாவுக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவில் அது பழம்பொருள் சேகரிப்பவர்களின் சமாச்சாரமாகிப்போக, சுதந்திர இந்தியா அதைத் தத்தெடுத்துக்கொண்டது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை ரைஃபிளைச் செய்தது; புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலை தோட்டாவைச் செய்தது. வியன்னாவில் மறந்துபோன ஒரு தோட்டா உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கிராமத்துக் குழந்தைகூட எண் சொல்லி அழைக்கும் பொருளானது.

எதிர்ப்பக்கத்தில் .405 வின்செஸ்டர் இருக்கிறது. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ரைஃபிள் அது. நம் பக்கத்தில் அதைப் புகழாக்கியவர் பெங்களூரின் கென்னத் ஆண்டர்சன். தர்மபுரி, சேலம் காடுகளின் ஆட்கொல்லிக் கதைகளில் அவர் கையில் இருந்தது அதுதான். அமெரிக்காவில் 1950களின் நடுவில் அந்தத் தோட்டா செய்வதை நிறுத்தினார்கள். பெரிய ஆங்கிலத் தோட்டாக்களை கைனாக் கம்பெனி 1960களில் கைகழுவத் தொடங்கியது. இதே நிலை அமெரிக்கனுக்கு வந்தால் அவன் வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தை இறுக்கியோ விரித்தோ, தானே மருந்து நிரப்பிக்கொள்வான். கம்பெனி விற்காத அளவுக்கென்றே குழல் கடைந்து, தோட்டாவையும் வீட்டிலேயே கட்டும் 'வைல்ட்கேட்' வழக்கம் அங்கே அப்படித்தான் வளர்ந்தது. அவற்றில் ஒன்றான .22-250ஐ ரெமிங்டன் கம்பெனி 1965இல் தன் சரக்காகவே ஏற்றுக்கொண்டது. இங்கே அந்த வாசலே இல்லை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட 'தோட்டா'தான். லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம். நீலகிரியின் அருவங்காட்டில் 1904 முதல் கார்டைட் மருந்து மலைபோல் தயாரானது. அந்த மலையிலேயே வேட்டையாடிய தோட்டத்துரையின் .470க்கு வேண்டிய தோட்டா மட்டும் கடல் கடந்து பெட்டியில் வந்தாக வேண்டியிருந்தது. பெட்டி நின்றதும் ரைஃபிள் நின்றது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் ஏறக்குறைய அடைபட்டுப்போனது.

இப்போது திருவொற்றியூருக்கு வருவோம். படைக்கும் போலீசுக்கும் எல்லைக் காவலுக்கென்று அரசு 800 புல்லட் மோட்டார் சைக்கிள்கள் கேட்டதுதான் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்ததற்குக் காரணம். முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் கைமாறின. 1962வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. எண்ணூரில் ஆஸ்டின் காரைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் லாரிக்கு மாறியதும் ஏறத்தாழ இதே நடையில்தான். ரெட்டிச் ஆலை 1967இல் மூடியது. 1970வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியே முடிந்துபோனது. தாய் இறந்த செய்தி திருவொற்றியூர் ஷிஃப்டைப் பாதிக்கவில்லை. 1977இல் வண்டி எதிர்த்திசையில் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. பிஸ்டன் வளையமும் கிளட்ச் தகடும் கடைந்து விற்க யாரிடமும் லைசென்ஸ் கேட்க வேண்டியதில்லை. கம்பெனி கைவிட்டிருந்தாலும் லேத் பட்டறைகளும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளும் கைவிட்டிருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரைஃபிளைக் கொன்றது தோட்டாப் பஞ்சம் அல்ல, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை போனபின் வேட்டைத் துப்பாக்கி எதற்கு என்பார்கள். சட்டம் தேவையைக் குறைத்தது உண்மை. குறைப்பதும் அவசியமாக இருந்தது. ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால் .315உம் கூடவே செத்திருக்க வேண்டும். அதுவும் வேட்டைத் துப்பாக்கியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. வேட்டை நின்றதும் அது தற்காப்பு, பயிர்க்காவல் என்று வேறு வேலை தேடிக்கொண்டது. வேலை மாற .470க்கு முடியவில்லை, ஒவ்வொரு தோட்டாவும் பொக்கிஷமாகிவிட்ட துப்பாக்கியை யாரும் காவலுக்கு வைப்பதில்லை.

மோட்டார் சைக்கிளையும் துப்பாக்கியையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கிளட்ச் தகடு ஆளைக் கொல்லாது, தோட்டா கொல்லும். அதனால் தோட்டாவை வீட்டில் கட்ட விடாத சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அதைத் தளர்த்த வேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. சட்டத்தின் நோக்கம் நல்லதா என்பது ஒரு கேள்வி, அதன் விளைவு என்ன என்பது வேறு கேள்வி. 1907இன் உத்தரவு படைத் தோட்டாவைக் காக்க நினைத்தது. அதன் விளைவாக உலகத்தில் புது அளவுகள் பெருகின. 1959இன் சட்டம் பொது அமைதியைக் காக்க நினைத்தது. அதன் விளைவாக அந்த அளவுகள் இங்கே அனாதையாகின, அரசுத் தொழிற்சாலை தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு மட்டும் நிலைத்தன. அமெரிக்காவில் .405 தோட்டா 2000க்குப் பின் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. வாங்குபவர்கள் கேட்டார்கள், ஒரு கம்பெனி செய்தது, அவ்வளவுதான்.

சட்டமும் சந்தையும் சேர்ந்து ஊமையாக்க முடியாத ஒன்று நம்மிடையே உண்டு: நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டுக் குச்சியால் இடிக்கும் அதற்கு எந்தத் தொழிற்சாலையின் அளவோடும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. கப்பல் நின்றாலும் கைனாக் நின்றாலும் அதற்கு ஒன்றுமில்லை. அதற்கும் லைசென்ஸ் உண்டு, போலீஸ் பறிமுதலும் உண்டு. ஆனால் தோட்டா கிடைக்காததால் மூலையில் சாத்தி வைத்த நாட்டுத் துப்பாக்கி என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை.