புலி வருது, புலி வருது: லாங்ஹார்னுக்காக காத்திருந்த கதை

மூணு மாசமா என் மடிக்கணினி ஒரே பல்லவியைப் பாடிக்கிட்டு இருக்கு. இயங்குதளத்தோட புதுப் பதிப்பு வந்தாச்சாம், ஆனா என் பொட்டிக்கு இன்னும் தயாராகலையாம், தயாரானதும் அதுவே சொல்லுமாம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பருக்கு எப்பவோ வந்து, அதுல என்னென்ன பிடிக்கலைன்னு அவர் பட்டியல் போடற அளவுக்கு ஆயாச்சு. பொட்டி செஞ்ச கம்பெனிக்கு (பேர் வேண்டாம், ஊர் வம்பு நமக்கெதுக்கு) ஃபோன் போட்டா, "சவுண்டு டிரைவர்ல ஒரு சின்ன பிரச்சினை சார், சீக்கிரம் வந்துடும்"ங்கறாங்க. இந்த "சீக்கிரம்" எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு யோசிச்சதுல சுத்தினதுதான் இந்தக் கொசுவர்த்தி.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25ல் கடைக்கு வந்தது. அதுக்கடுத்த விண்டோஸ் சாதாரண ஜனங்க கைக்கு வந்தது 2007 ஜனவரி 30ல். நடுவுல அஞ்சே கால் வருஷம். இத்தனைக்கும் முதல்ல போட்ட கணக்குப்படி அது 2003லயே வந்திருக்கணும்.

பேர் வெச்ச கதையே ஒரு தினுசு. எக்ஸ்பிக்கு உள்ளுக்குள்ள வெச்ச செல்லப்பேர் விஸ்லர். அதுக்கப்புறம் செய்யப்போற பெரிய விண்டோஸுக்கு பிளாக்கோம். ரெண்டும் கனடாவுல பனிச்சறுக்கு நடக்கற மலைகள். நடுவுல சின்னதா ஒண்ணு விட்டுடலாம்னு நினைச்சு, அந்த மலையடிவாரத்துல இருக்கற ஒரு மதுக்கடையோட பேரை அதுக்கு வெச்சாங்க: லாங்ஹார்ன். ஒரு மலையிலேர்ந்து இன்னொரு மலைக்குப் போற வழியில கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போற இடம். உள்ள போனவங்க அஞ்சு வருஷம் வெளியவே வரலைங்கறதுதான் சோகம் :-)

நிற்க. தாமதத்துக்கு அவங்க சோம்பேறித்தனம் காரணமில்ல. 2002 ஜனவரியில பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு ஒரு கடுதாசி போட்டார். இனிமே புது வசதியா பாதுகாப்பான்னு கேள்வி வந்தா பாதுகாப்புதான்னு. விண்டோஸ் குழு புது வேலையை நிறுத்திட்டு, ஏற்கெனவே எழுதின நிரல்ல ஓட்டை தேட உக்காந்துச்சு. அப்படியும் 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர் வந்துது. ஞாபகம் இருக்கா? இணையத்துல நுழைஞ்ச ரெண்டாவது நிமிஷம் ஒரு சின்னப் பெட்டி வந்து "60 வினாடியில் கணினி அணைக்கப்படும்"னு எண்ண ஆரம்பிக்கும். அடிச்சிட்டிருந்த மடலை அனுப்பறதுக்குள்ள மூச்சு முட்டும். இதுல கொடுமை என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கற ஒட்டு ஜூலை 16ஆம் தேதியே வந்தாச்சு. புழு வந்தது ஆகஸ்ட் 11. நடுவுல கிட்டத்தட்ட ஒரு மாசம். அவங்க லேட் பண்ணல, நாமதான் போட்டுக்கல.

இதுக்கப்புறம் லாங்ஹார்ன்ல இருந்த ஆளுங்கள்ல நிறைய பேரை இழுத்து எக்ஸ்பிக்கே வேலை செய்ய விட்டாங்க. அதோட பலன்தான் 2004 ஆகஸ்ட்ல வந்த சர்வீஸ் பேக் 2. தீச்சுவர் தானாவே இயங்கும், ஒட்டுகள் தானா இறங்கும், எல்லாம் இனாம். யோசிச்சுப் பாத்தா ஒரு முழு விண்டோஸுக்கான உழைப்பு அதுல போயிருக்கு. ஆனா பெட்டியில போட்டு விக்காததால, "மைக்ரோசாப்ட் அஞ்சு வருஷம் ஒண்ணுமே விடல"ன்னு பேர் வாங்கினதுதான் மிச்சம்.

லாங்ஹார்ன் பக்கம் என்ன நடந்துது? 2003 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலீஸ்ல நிரலர்களைக் கூட்டி ஒரு பெரிய படம் காட்டினாங்க. மூணு தூண்களாம். திரையில வரையறதுக்கு அவலான், கணினிகள் தங்களுக்குள்ள பேசிக்க இண்டிகோ, கோப்புகளைச் சேமிக்க வின்எஃப்எஸ். இந்த மூணாவதுதான் என்னை மாதிரி ஆளுங்களை மயக்கினது. கோப்பு எந்த ஃபோல்டர்ல கிடக்குன்னு தேட வேண்டாம். எல்லாம் ஒரு தரவுத்தளம் மாதிரி இருக்கும். இன்னாரோட கல்யாணத்துல எடுத்த படம், அவர் அனுப்பின மடல், எல்லாம் உறவுமுறையோட வந்து நிக்கும்னு சொன்னாங்க. வாயில ஈ போறது தெரியாம பாத்தோம்.

ஆனா கட்டடம் நிக்கல. ஒருத்தர் ஒரு இடத்துல மாத்தினா சம்பந்தமே இல்லாத இன்னொரு இடம் இடியும். எல்லாத்தையும் சேர்த்து ஓட்டிப் பாக்கறதே பெரும்பாடாச்சு. 2004 ஜூலையில, விண்டோஸ் பொறுப்புல இருந்த ஜிம் ஆல்ச்சின் கேட்ஸ்கிட்டயே போய் இது தேறாதுன்னு சொல்லிட்டார். 2005 செப்டம்பர்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை விலாவாரியா எழுதுச்சு. கட்டினதைப் பெரும்பாலும் இடிச்சுட்டு, விண்டோஸ் சர்வர் 2003ஐ அஸ்திவாரமா வெச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. ஆகஸ்ட் 27 அன்னிக்கு அறிவிப்பு வந்துது: வின்எஃப்எஸ் இதுல இல்ல, மத்தது 2006ல. நான் மனசு விட்டது அன்னிக்குத்தான்.

நம்மாளுங்களுக்கு இதுல தனியா ஒரு வயித்தெரிச்சல் உண்டு. எக்ஸ்பியில தமிழ் இருந்துது, லதா எழுத்துருவும் இருந்துது, ஆனா சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவை நாமதான் கன்ட்ரோல் பேனல்ல போய் டிக் பண்ணி இயக்கணும். டிக் பண்ணா எக்ஸ்பி குறுந்தட்டைக் கேக்கும். பிரவுசிங் சென்டர்ல போய் குறுந்தட்டு கேட்டா நம்மளை மேலயும் கீழயும் பாப்பாங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா தமிழ் உடைஞ்சு தெரியறதைப் பாத்துக்கிட்டே பல வருஷம் ஓட்டினோம். விஸ்டாவுலதான் இந்தத் தொல்லை இல்லாம ஆதரவு தானாவே இருந்துது. ஊரே திட்டின விஸ்டாவைப் பத்தி நான் சொல்ற ஒரே நல்ல வார்த்தை இது.

இதுவரைக்கும் சொன்ன தாமதத்துக்காக நான் யாரையும் திட்ட மாட்டேன். வெந்துட்டுதான் இறக்கணும். என் கோபமெல்லாம், அரிசி உலையில இருக்கறப்பவே பந்திக்குக் காசு வாங்கினாங்களே, அதுல.

முதல்ல கம்பெனிகளுக்கு நடந்தது. 2001ல சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. விண்டோஸ் உரிம விலையில வருஷத்துக்கு 29 சதவீதம் கட்டினா, ஒப்பந்த காலத்துல வர்ற புதுப் பதிப்பு உங்களுக்கே. 2002 நடுவுல மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டவங்களுக்கு 2005 நடுவுல கெடு முடிஞ்சுது. 87 சதவீதம் கட்டியாச்சு, வந்த புது விண்டோஸ் பூஜ்யம்.

அப்புறம் நம்ம முறை. 2006 மார்ச் 21ல, விஸ்டா அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வராது, வீட்டுக்காரங்களுக்கு 2007 ஜனவரிதான்னு சொன்னாங்க. அதுவரைக்கும் யாரும் பொட்டி வாங்காம காத்திருந்துட்டா விக்கறவங்க கதி? அதனால எக்ஸ்பி பொட்டிகள் மேல "விஸ்டா கேப்பபிள்"னு ஒரு ஸ்டிக்கர். இப்ப வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம். ஆனா அப்போ மலிவு விலை மடிக்கணினிகள்ல பரவலா இருந்த இன்டெல் 915 சிப்செட்டால விஸ்டாவோட கண்ணாடி மாதிரி மினுக்கற ஏரோ திரையை ஓட்ட முடியாது. முதல்ல வெச்ச விதிப்படி அதுக்கு ஸ்டிக்கரே கிடைச்சிருக்கக் கூடாது. விதியைத் தளர்த்தினாங்க. இன்டெல்லோட காலாண்டுக் கணக்குக்கு உதவத்தான் இப்படிப் பண்ணோம்னு உள்ளேர்ந்தே ஒருத்தர் மடல்ல எழுதியிருக்கார்.

இது எப்படி வெளிய வந்துதுன்னா, 2007ல சியாட்டில்ல வழக்கு போட்டாங்க, 2008 பிப்ரவரியில உள் மடல்களை நீதிமன்றம் வெளியிட்டுது. படிச்சா சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. விண்டோஸ் விற்பனைப் பக்கம் துணைத்தலைவரா இருந்த மைக் நாஷ், ஸ்டிக்கரை நம்பி சோனி மடிக்கணினி ஒண்ணு வாங்கி, 2,100 டாலருக்கு மடல் படிக்க மட்டும் ஒரு எந்திரம் கிடைச்சுதுன்னு புலம்பியிருக்கார். சொந்த வீட்டு அல்வா! ஸ்டீவன் சினோஃப்ஸ்கி பால்மருக்கு எழுதினது இன்னும் முக்கியம். விஸ்டா நிஜமா வரும்னு யாருமே நம்பல, அதனால டிரைவர் எழுதறவங்க 2006 கடைசி வரைக்கும் வேலையைத் தொடங்கவே இல்லைன்னார். புலி வருது கதையேதான். பிரிண்டரும் ஸ்கேனரும் விஸ்டாவுல படுத்துக்கிட்டதுக்கு ஒரு பெரிய காரணம் இது.

வழக்கு என்ன ஆச்சு? எல்லாருக்கும் சேர்த்து நடத்தலாம்னு 2008ல அனுமதிச்ச நீதிமன்றமே 2009 பிப்ரவரியில அதை விலக்கிக்கிச்சு. ஸ்டிக்கர் ஒட்டின பொட்டி வாங்கினவங்களுக்கு ஸ்டிக்கர்தான் மிச்சம். அடுத்து சினோஃப்ஸ்கி பொறுப்புல செஞ்ச விண்டோஸ் 7, முன்கூட்டி வாயை அதிகம் திறக்காம, 2009 அக்டோபர் 22ல வந்து சேர்ந்துது. விஸ்டாவுக்குத் தேவைப்பட்ட அதே மாதிரி வன்பொருள்லயே ஓடுச்சு. வின்எஃப்எஸ் கடைசி வரை வரவே இல்ல. நான் இன்னும் கல்யாண ஃபோட்டோவை ஃபோல்டர் ஃபோல்டரா தேடிக்கிட்டுதான் இருக்கேன்.

இதை அடிச்சிட்டு இருக்கும்போது பொட்டி "புதுப்பிப்பு தயார்"னு மணி அடிச்சுது. அடிச்சதை அப்படியே விட்டுட்டு ஆசையா போய்ப் பாத்தா, பிரிண்டர் டிரைவராம்.

என்கிட்ட பிரிண்டரே இல்லீங்க.