22 நானோமீட்டர் புதிர்

வெப்பத்தின் பாதை: தொடர் – 6

சென்ற வாரம் 1993இல் நிறுத்தினோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வாளர்கள் ஹிக்ஸும் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸும் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். வெப்பத்தை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருளை மிக மெல்லிய கம்பியாக்கினால் அதன் திறன் பன்மடங்கு கூடும் என்றது அந்தக் கணக்கு. நிஜக் கம்பியில் அது பலிக்குமா?

பலித்தால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் பெருந்துறை சிப்காட் பக்கம் போய்ப் பார்க்கலாம். விறகுக்கும் நிலக்கரிக்கும் கொட்டிக் கொடுத்த காசு, பாய்லர் புகைபோக்கி வழியே சூடாக வானத்துக்குப் போகிறது. அந்தச் சூட்டையும் மின்சாரமாக்கலாம்: ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்ட விளைவு இது. ஆனால் அந்த வேலைக்கான பொருள் மின்சாரத்தைத் தடையின்றி விட வேண்டும், வெப்பத்தை மறிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு முனையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் தோற்றது இங்கேதான். அது வெப்பத்தையும் தாராளமாகக் கடத்திவிடும்.

சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் அணுக்களின் அதிர்வலைகள். அவற்றில் பல, எதிலும் மோதாமல் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஓடக்கூடியவை. எலக்ட்ரான்களின் ஓட்டம் அதைவிடக் குறுகியது. கம்பியின் விட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே அமைந்தால்? இட்டேரிக்குள் நுழைந்த கரும்பு வண்டி இருபுற வேலியிலும் உரசித் திணறும். மொபெட் தன் பாட்டுக்குப் போய்விடும். அதுதான் எதிர்பார்ப்பு.

இதைச் சோதித்தவர்களில் ஒருவர், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து பின்னாளில் பெர்க்லிக்கு வந்த அருண் மஜும்தார். அங்கே பெய்டாங் யாங்கின் குழு சிலிக்கான் கம்பிகளை வளர்த்தது. கண்ணுக்கே தெரியாத கம்பியில் வெப்பத்தை அளப்பது எப்படி? அந்தரத்தில் தொங்கும் இரண்டு நுண்தகடுகள்; இரண்டிலும் பிளாட்டினச் சுருள்; நடுவே பாலமாக ஒற்றைக் கம்பி. ஒரு தகட்டைச் சூடாக்கி, மறு தகட்டுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். கணக்கைவிட இந்த அளவீட்டையே நான் பெரிய சாதனை என்பேன்.

2003இல் முடிவுகள் வெளிவந்தன. 115, 56, 37, 22 நானோமீட்டர் என விட்டம் குறையக் குறைய வெப்பக் கடத்தலும் சரிந்தது. அறை வெப்பநிலையில் சாதாரண சிலிக்கானின் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 150 வாட் அளவில் இருக்கும். 22 நானோமீட்டர் கம்பியில் அது 10க்கும் கீழே!

அதே கம்பிகளைக் கடுங்குளிரிலும் அளந்திருந்தார்கள். தடித்த இரண்டும் கோட்பாடு சொன்னபடியே, வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்ப நடந்தன. 22 நானோமீட்டர் கம்பியோ மும்மடியை விட்டு ஏறக்குறைய நேர்கோட்டில் போனது. அறை வெப்பநிலையிலும் அதன் கடத்தல், கம்பியின் சுவரில் அதிர்வலைகள் மோதுவதை மட்டும் வைத்துப் போட்ட கணக்குக்கு வெகு கீழே கிடந்தது.

அப்படியானால் வெப்பத்தை மறிப்பது சுவர் மட்டுமல்ல. கம்பிக்குள் இன்னும் யார்?

(அடுத்த வாரம் தொடரும்)