ரப்பரின் எல்லை

1908-ஆம் ஆண்டு ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் முன் ஆசனத்தின் அடியில் இருந்தது. பம்பு ஏதுமின்றி, பூமியின் ஆகர்ஷண சக்தியை மட்டுமே நம்பி, பெட்ரோல் உலோகக் குழாய் வழியே கார்புரேட்டருக்கு இறங்கி வந்தது; ஆகையால் டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு குறுக்கிட்டால், இன்ஜின் டேங்கைவிட உயர்ந்து ஓட்டம் நின்றுவிடாதபடி, வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேற்றுவது அக்காலத்து வழக்கம்.

டேங்க் வண்டியின் பின்கோடிக்குச் சென்று, பெட்ரோலை இழுத்துத் தரப் பம்பும் வந்த பிறகு, சேஸ் நெடுகிலும் நீண்ட குழாய் ஓட வேண்டிய அவசியம் ஏற்பட்டது. செம்பு எளிதில் வளைந்து கொடுக்குமாயினும், ஓயாத அதிர்வினால் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும் சுபாவமுடையது. எனவே, செம்புப் பூச்சுள்ள எஃகுத் தகட்டை இரட்டைச் சுற்றாகச் சுருட்டி உலையில் பற்றவைத்துச் செய்யப்பட்ட பண்டி குழாய் அந்த ஸ்தானத்தை அடைந்தது.

ரப்பருக்கு இடம் கொடுத்தது இன்ஜினின் ஆட்டமே. 1931-இல் பிளிமத் கார்களில் கிறைஸ்லர் நிறுவனம் இன்ஜினை ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்த்தியது. இத்தகைய அமைப்புகள் பரவவே, இன்ஜின் அசையவும் சேஸ் அசையாமல் நிற்கவும், இரண்டையும் இணைக்கும் குழாயில் ஒரு சாண் நீளமாவது வளைந்து கொடுத்தாக வேண்டியதாயிற்று. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும். அக்குறையைப் போக்கியவை, 1930-களில் அமெரிக்காவில் பிறந்த நியோப்ரீனும் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பரும் ஆகும்.

இவ்வாறு ஒரு சாண் இடத்துக்கென வந்த ரப்பர், எஃகுக் குழாய் துருப்பிடித்த வண்டிகளில், மலிவும் அவசரமும் காரணமாக, நெடுந்தூரத்தையும் ஆக்கிரமித்துக்கொண்டது. ரப்பர் குழாயின் மேலே நூலுறை பழுதின்றித் தோன்ற, உள்ளே ரப்பர் வெடித்துக் கசிய, சூடேறிய இன்ஜின்மீது சொட்டும் பெட்ரோல் எத்தகைய அபாயம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2023 முதல் இந்தியாவில் 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ள நிலையில், அக்கலவைக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் முன்னிலும் விரைவில் கெடுகிறது. எதனால் ஈர்க்கும் நீரோ எஃகையும் அரிக்கிறது. ஆகவே, செம்பு ஒன்பது பங்கும் நிக்கல் ஒரு பங்கும் சேர்ந்த குழாயையே பலரும் விரும்புகின்றனர்.

அதைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். அறுத்த முனையின் பிசிறை நீக்கி, நட்டை முதலில் கோத்துக்கொண்டு, அதன் பின்னரே முனையை ஊமத்தம்பூவின் வாய்போல விரிக்க வேண்டும்; சைலன்ஸர் குழாயினின்று விலக்கி, ஆடாதபடி இடைக்கிடை கிளிப் போட்டு நிறுத்த வேண்டும்; இன்ஜின் அருகே மட்டும் எதனாலைத் தாங்கும் புதிய ரப்பர் ஹோஸைக் குறுகிய அளவில் வைத்து, அது நழுவாதபடி குழாய் முனையில் ஒரு புடைப்பும் அமைக்க வேண்டும். இதைச் சிரத்தையுடன் செய்கிறவர், வண்டியைப் படைத்த பொறியாளர் ரப்பருக்கு வகுத்த எல்லையை மீட்டுத் தருவதோடு, அதில் ஏறி அமர்வோரின் உயிருக்கும் காவலராகிறார்.