கேட்டது யாருப்பா? – ஒரு கால்பேக் புராணம்

பழைய விண்டோஸ் நிரல்ல ஆணி புடுங்குறவங்களுக்கு டிடிஇ தெரியாம இருக்காது. மத்தவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன்.

1987-ல விண்டோஸ் 2.0-வோட வந்தது. ஒரு மென்பொருள் இன்னொண்ணுகிட்ட தகவல் கேட்டு வாங்குற வழி. பங்கு விலை மாற மாற எக்செல் கட்டமும் தானா மாறுமே, அந்த மாயம் இதனாலதான். எல்லாமே ஜன்னல் விட்டு ஜன்னல் போற மெசேஜ். அனுப்புன ஜன்னல் எதுன்னு மெசேஜுலயே இருக்கும். ஆனா மெமரியை யார் விடுவிக்கணும், ஒப்புகையை எப்ப அனுப்பணும்கிற சடங்கெல்லாம் நிரலர் தலையில.

1992-ல விண்டோஸ் 3.1 வந்தப்போ, இந்தச் சடங்கையெல்லாம் டிடிஇஎம்எல்-ங்கிற நூலகம் ஏத்துக்கிச்சு. நாம ஒரு கால்பேக் ஃபங்ஷன் மட்டும் கொடுத்தா போதும். அதுக்கு எட்டு ஆர்க்யுமென்ட். எட்டுல ஒண்ணுகூட நம்ம சொந்தக் குறிப்பை வச்சுக்க இல்லை!

இதுல என்ன பிரச்னை? பத்து பங்கோட விலையைக் காத்திருக்காம கேட்டுட்டோம்னு வைங்க. பத்து பதிலும் வரப்போறது ஒரே வாசல் வழியா. ஆள் மாத்திக் கொடுத்தா, ஒரு கம்பெனி விலை இன்னொரு கம்பெனி கட்டத்துல உக்காந்துக்கும். நிரல் சாகாது, எர்ரர் வராது. பாக்குறவரும் அதை நம்பி வித்துடுவார்.

இதுக்கு அவங்க வச்ச வழி, சலவைக்குப் போடுற துணியில குறி போடுற மாதிரிதான். கேட்கும்போதே டிடிஇ-செட்-யூசர்-ஹேண்டில் மூலமா அந்தக் கோரிக்கை எண் மேல நம்ம குறியைப் போட்டுடலாம். பதில் வர்றப்போ கால்பேக்குக்கு அதே எண் வரும். அதை வச்சு டிடிஇ-கொயரி-கான்வ்-இன்ஃபோவைக் கேட்டா குறி, தலைப்பு, உரையாடலோட நிலைமை எல்லாத்தையும் ஒரு ஸ்ட்ரக்சர்ல போட்டுக் கொடுத்துடும்.

அப்போ கூடுதலா ஒரு பாயின்டரைக் கொடுக்கத் தெரியாமலா விட்டாங்க? இல்லீங்க. அதே 3.1-ல ஜன்னல்களை எண்ணுற ஈனம்-விண்டோஸ் கால்பேக்குக்கு அப்படி ஒரு இடம் இருந்துச்சு. அங்க ஒரு அழைப்புக்கு ஒரு வேலை. இங்கயோ ஒரே ஃபங்ஷன் பல உரையாடலுக்கும் வாசல். பதிவு பண்றப்போ ஒரே ஒரு பாயின்டரைக் கொடுத்து என்ன பிரயோசனம்? குறி துணியில இருக்கணும், கடை வாசல்ல இல்ல. அதனால இதைக் குறைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

2017 டிசம்பர்ல, விஷமிகள் கைவரிசையால மைக்ரோசாஃப்ட் வேர்ட்ல டிடிஇயை முடக்கிடுச்சு. போகட்டும். அடுத்த தடவை கால்பேக் எழுதறப்போ, "கேட்டது யாருப்பா?"ன்னு ஒரு தடவை கேட்டுக்கங்க மக்களே :-)