கந்தக பூமிக்கு எரிமலை வரும் வழி

விருதுநகர் மாவட்டத்துக்குக் 'கந்தக பூமி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சிவகாசிப் பட்டாசு ஆலைகளால் வந்த பெயர் அது. மண்ணுக்கும் கந்தகத்துக்கும் உறவில்லை. இங்குள்ள கரிசலும் எரிமலை கொடுத்ததல்ல. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் சிதைந்து கரிசல் ஆனது என்ற பள்ளிப் பாடம் மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய அந்தத் தக்காணக் குழம்பு தமிழ்நாட்டை எட்டவில்லை. சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் இவ்வட்டாரத்துப் பழம்பாறைகள் சிதைந்து உண்டானது. அப்படியானால் எரிமலை பற்றி இந்த ஊர்கள் யோசிக்க எதுவும் இல்லையா? உண்டு. நிலத்தின் வழியே வராத எரிமலை வானத்தின் வழியே வருகிறது. அதன் தொலைதூர விளைவைத் தீர்மானிப்பவை கந்தகமும் அது ஏறும் உயரமும்.

பழைய சான்று 1883. ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் விளைவாகச் செப்டம்பரில் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் எழுந்து மறைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியில் ஆராய்ந்தார். பின்னாளில் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றவர் இவர்தான். தெற்கத்திய வானத்தில் எரிமலையை அளந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் என்று இவரை நினைவுகூர்பவர்கள் குறைவு.

சிவகாசிப் புஸ்வாணத்தைப் பார்த்ததும் எரிமலை நினைவுக்கு வருவது இயல்பு. உருவம் ஒத்துப்போகிறது, உள்வேலை ஒத்துப்போகவில்லை. புஸ்வாணத்தில் வெடியுப்பு ஆக்சிஜனைத் தருகிறது. கந்தகமும் கரியும் எரிகின்றன. உலோகப் பொடி பொறியாகச் சிதறுகிறது. எரிமலையிலோ எரிவதற்கு எதுவும் தேவையில்லை. பாறைக்குழம்பு மேலேறி அழுத்தம் தணியும்போது, அதில் கரைந்திருந்த நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு ஆகியவை நுரைத்துப் பிரிந்து குழம்பைச் சிதறடிக்கின்றன. தீபாவளி இரவில் மூக்கைக் கரிக்கும் வாயுவும் இதே கந்தக டை ஆக்சைடுதான். தரைக்கு அருகில் தங்குவதால் அது காற்றிலும் மழையிலும் சில நாட்களில் கழிந்துவிடும். அதே வாயு மழைமேகங்களைத் தாண்டி அடுக்குவளிமண்டலத்துக்குள் நுழைந்தால் கந்தக அமிலத் துளிகளாகி, ஓரிரு ஆண்டுகள் சூரிய ஒளியை மறிக்கும். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூனில் ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் வரை இந்த வாயுவை மேலே செலுத்தியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தணிந்தது.

வெடிப்பின் வேகத்தை மட்டும் வைத்து விளைவைக் கணிக்க முடியாது. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலின் ஹுங்கா டோங்கா எரிமலை கடலடியிலிருந்து வெடித்தபோது அதன் அழுத்த அலை உலகையே சுற்றியது. ஆனால் அது மேலே அனுப்பிய கந்தகம் குறைவு, நீராவி மிக அதிகம்.

 

எந்த நேரத்திலும் உலகில் 40 முதல் 50 எரிமலைகள் தொடர் சீற்ற நிலையில் இருக்கின்றன. ஹவாயின் கிலாவெயா 2024 டிசம்பரில் விட்டுவிட்டுக் குழம்பைப் பீய்ச்சத் தொடங்கியது. படத்துக்கு அழகு, விருதுநகருக்குப் பாதிப்பில்லை. இந்தியாவின் ஒரே செயற்படும் எரிமலையான அந்தமானின் பாரன் தீவு 2025 செப்டம்பரில் இருமுறை மெல்லச் சீறியது. 1787இல் முதலில் பதிவான இதன் சீற்றம், நெடுங்கால உறக்கத்துக்குப் பின் 1991இல் மீண்டும் தொடங்கியது. அருகில் இருப்பதாலேயே செய்தித்தாள்கள் இதைப் பெரிதுபடுத்துகின்றன.

எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி இதற்கு நேர்மாறு. பெரும்பாலோர் பெயரே கேட்டிராத அந்த மலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. சாம்பல் சுமார் 14 கி.மீ. ஏறி, செங்கடலையும் ஓமனையும் கடந்து மறுநாள் இரவே குஜராத், ராஜஸ்தான், டெல்லி வானில் நகர்ந்தது. விமானங்கள் ரத்தாயின. வெப்பமண்டலத்தில் அடுக்குவளிமண்டலம் தொடங்குவது ஏறக்குறைய 17 கி.மீ. உயரத்தில்; சாம்பலின் பெரும்பகுதி அதற்குக் கீழேயே நின்றதால் அந்த மேகம் சில நாட்களில் கலைந்தது.

தமிழ் ஊடகங்கள் தீக்குழம்புப் படத்தோடு நின்றுவிடாமல் புகையின் உயரம், கந்தக அளவு, காற்றின் திசை ஆகியவற்றையும் வெளியிட வேண்டும். அவை கிடைக்காத தகவல்கள் அல்ல. ஹேலி குப்பி சாம்பலுக்கான எச்சரிக்கைகளைப் பிரான்சின் துலூஸ் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம் வெளியிட்டது. பாரன் தீவைக் கண்காணிப்பது அதே வகையைச் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம்.